இடது உணர்கொம்பு

ஒரு பூச்சியை விவரித்து எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தலையில் தொடங்கி வயிற்றின் நுனியில் முடிக்க வேண்டும். நடுவில் எங்கும் தாவக் கூடாது. அழகானது, விசித்திரமானது என்றெல்லாம் எழுதினால் ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் அந்த வரியை அடித்துவிடுவார்கள். வினைச்சொற்கள்கூட அதிகம் தேவைப்படாது. தலை, அகலத்தைவிட நீளம். கண்கள் புடைத்தவை. உறிஞ்சுகுழல் நான்கு கணுக்கள் கொண்டது, நடுக்கால்களின் அடிவரை எட்டுவது. இப்படியே போகும். இருபத்தைந்து வருஷமாக இதையே எழுதி எழுதி, நான் மளிகைச் சாமான் பட்டியல் போட்டாலும் அதில் இந்த வாடை வருகிறது என்று என் மகள் கேலி செய்வாள்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. என் பிழைப்பு நாவாய்ப்பூச்சிகள். நெற்கதிரில் பாலை உறிஞ்சுகிற நாற்றப்பூச்சி, கட்டிலில் ஒளிந்திருக்கும் மூட்டைப்பூச்சி, ஏரித் தண்ணீரின் மேல் கால் நனையாமல் ஓடுகிற பூச்சி, எல்லாம் இந்தக் கூட்டம்தான். வாய்க்குப் பதில் ஊசிபோல ஒரு குழல் இருக்கும். முன்சிறகு பாதி தோலாகத் தடித்தும் பாதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும். இந்த இரண்டும் இருந்தால் அது என் பொறுப்பு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரி. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்ல இது தேவைப்படுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஓர் ஊர் அவருக்கு. கொஞ்சம் நிலம், அதில் நெல்லும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலையும். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, எனக்கு முன்னால் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருப்பார். அரசு ஆணைப்படி அவர் வேலை கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதும், தவளைகளை எண்ணி வைப்பதும். ஆனால் கடுகளவு பூச்சியை முக்கோண அட்டைத் துண்டின் நுனியில் கால் மடங்காமல் ஒட்டுவதற்கு அவரைவிட நல்ல கை எங்கள் துறையில் கிடையாது. ஒரே ஒரு மயிர் விட்டு மற்றதைக் கத்தரித்த தூரிகை ஒன்று வைத்திருந்தார். அதை வேறு யாரும் தொடக் கூடாது, நான் உட்பட.

மழை விட்ட ஒரு மார்கழி முன்பகலில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைக்குப் போயிருந்தோம். அங்கே சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேடு ஒன்று இருந்தது. அதில் இராவணன் மீசைப் புல், குத்தினால் ரத்தம் வரும். எனக்கு முழங்கால் வலி. நான் தோப்பின் நிழலில் நின்றுகொண்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லின் அடியில் கையால் மணலை விலக்கிக்கொண்டிருந்தார். வாயால் உறிஞ்சிப் பூச்சியைக் குப்பிக்குள் இழுக்கிற ரப்பர் குழாய் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வந்து குப்பியை நீட்டினார். "இன்னாவோ புச்சா கீது மேடம்" என்றார்.

உள்ளே இரண்டு பூச்சிகள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, மணல் நிறம். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. "விதைப் பூச்சிதான், எடுத்து வைங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவை அட்டையில் ஏறி, ஊசியில் குத்தப்பட்டு, என் மேஜைக்கு வந்தன. ஊசியில் பூச்சிக்குக் கீழே சிறு சீட்டு. ஊர், தேதி, எந்தச் செடி, சேகரித்தவர் யார். அந்தச் சீட்டு இல்லாத பூச்சிக்கு எங்கள் தொழிலில் மதிப்பே கிடையாது, குப்பையில் போட வேண்டியதுதான். அதனால் அதற்கு ஒரு கடுமையான விதியும் உண்டு. ஒருமுறை ஏற்றிய சீட்டை எந்தக் காலத்திலும் கழற்றக் கூடாது. அதில் தவறு இருந்தால் திருத்தத்தை இன்னொரு சீட்டில் எழுதி அதற்கும் கீழே ஏற்ற வேண்டும். தவறும் இருக்கும், திருத்தமும் இருக்கும்.

சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. எப்போதும் அப்படித்தான். எங்கள் துறையில் யார் கையால் பிடித்தாலும் சீட்டில் பேராசிரியர் பெயர்தான் ஏறும். நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது வயலிலும் ஏரிக்கரையிலும் அலைந்து பிடித்ததெல்லாம் என் பேராசிரியர் பெயரில்தான் இருக்கிறது. அதற்காக அப்போது வயிறெரிந்திருக்கிறேன். பிறகு நான் பேராசிரியை ஆனேன். எங்கள் உதவியாளரும் நான் சொல்லாமலே என் பெயரை எழுதி வைத்தார். நானும் அதை ஒரு தடவைகூட நிறுத்திப் பார்க்கவில்லை.

நுண்ணோக்கியில் முதலில் பார்த்தது பெண் பூச்சி. இரண்டு உணர்கொம்புகளும் ஒடிந்து, அடிக்கணு மட்டும் மிச்சம். சலிப்போடு ஆண் பூச்சியை வைத்தேன். வலது உணர்கொம்பு ஒடிந்திருந்தது. இடது முழுசாக இருந்தது. பார்த்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விதைப் பூச்சிக் குடும்பத்தில் உணர்கொம்பு வெறும் கோல்மாதிரி இருக்கும், நான்கு கணு. இதற்கும் நான்குதான். ஆனால் மூன்றாம் கணு இரண்டு பக்கமும் விரிந்து தட்டையாக, வேப்பிலைத் துண்டு போல இருந்தது. விளிம்பில் வரிசையாக விறைத்த மயிர்கள். இந்த மாதிரி உணர்கொம்பு உள்ள எந்தப் பேரினமும் இந்தக் குடும்பத்தில் இல்லை.

புதிய சிற்றினம் கிடைப்பது பெரிய விஷயமில்லை. தேடினால் நம் கொல்லையிலேயே கிடைக்கும். புதிய பேரினம் அப்படியில்லை. இருக்கிற எந்த வீட்டிலும் இந்த உயிருக்கு இடமில்லை, இதற்குத் தனியாக ஒன்று கட்ட வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்வது அது. என் வாழ்நாளில் நான் ஒன்றும் கட்டியதில்லை. பணி ஓய்வுக்குச் சில வருஷமே மிச்சமிருந்தன. இது ஒன்று அமைந்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவு ஆசைப்பட்டேன்.

எட்டு மாதம் எழுதினேன். தலை முக்கோண வடிவம், தனிக்கண்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று தள்ளி. மார்பின் முதல் வளையம் முன்னால் ஒடுங்கியது, பின்னால் அகன்றது, நடுவில் குறுக்காக ஒரு பள்ளம். முன் தொடை தடித்தது, அடியில் பற்கள் நான்கு. நாற்றம் கசியும் துளை ஒரு சிறு நாக்கின் அடியில். சிறகுகள் குட்டை, வயிற்றின் கடைசி இரண்டு வளையங்களை மூடாதவை. பறக்காத பூச்சி என்பது அதிலேயே தெரிந்தது. அந்த மணல்மேட்டில் பிறந்து அதிலேயே சாகிறது. ஆணின் வயிற்று நுனியை வெந்நீரில் ஊறவைத்து, காரக் கரைசலில் சதையைக் கரைத்து, உள்ளே இருக்கிற கிண்ணம் போன்ற பிறப்புறுப்பை வெளியே எடுத்து, நான்கு கோணத்தில் வரைந்தேன். அந்த வாரம் வீட்டில் சமையல் ஒன்றும் சரியாக அமையவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை.

உணர்கொம்புக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: 'முதல் கணுவின் நுனியில், இரண்டாம் கணு சேரும் இடத்தில், வெளிறிய, கண்ணாடி போன்ற பளபளப்பான வளையம் ஒன்று உள்ளது.' அந்த வளையத்தை நான் வரைந்தும் வைத்தேன். வேறு எந்தப் பூச்சியிலும் காணாத உறுப்பு என்று குறிப்பு வேறு. கட்டுரையை அனுப்பிவிட்டுக் கூடுவாஞ்சேரியில் இருக்கிற என் வீட்டுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றபடியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை மாதம் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கட்டுரையைப் பரிசோதித்தவர் யாரென்று சொல்ல மாட்டார்கள். மரியாதையான ஆள். உடற்கூறு விவரணையைப் பாராட்டியிருந்தார். இரண்டு சந்தேகம் மட்டும். இலைபோல விரிந்த மூன்றாம் கணு வேறொரு குடும்பத்துப் பூச்சிகளின் குஞ்சுகளில் உண்டே, இந்தக் கொம்பு இதன் உடம்போடு இயல்பாகச் சேர்ந்ததுதானா? அந்தப் பளபளப்பான வளையத்தின் அண்மைப்படம் ஒன்று கிடைக்குமா? மற்ற உறுப்புகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இது ஏற்கெனவே உள்ள ஒரு பேரினத்தில் அடங்கிவிடும் என்றும் எழுதியிருந்தார்.

படம் எடுக்கும் முன்னால் வளையத்தில் தூசி ஒட்டியிருக்கிறதே என்று தூரிகையால் ஒரு சொட்டு வெந்நீர் வைத்தேன். வளையம் வெளுத்தது. பிறகு பால்போலக் கலங்கியது. பிறகு கரைந்து வழிந்தது. உணர்கொம்பு மெதுவாகச் சாய்ந்து அட்டையின் மேல் விழுந்தது.

அது பசை. அட்டையில் பூச்சி ஒட்டுகிற, காய்ந்தால் கண்ணாடிபோல ஆகிவிடுகிற வெள்ளைப் பசை. எட்டு மாதம் நான் உறுப்பு என்று விவரித்தது, ஒரு சொட்டுப் பசையை.

அவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது நாகரிகமான சொல். என் குரல் நடைபாதையின் மறுகோடி வரை கேட்டிருக்கும். எம்.எஸ்சி. மாணவிகள் இரண்டு பேர் அந்த மேஜையில் கரப்பான்பூச்சி அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நுண்ணோக்கியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

"ஒட்டனது நெசந்தான் மேடம்" என்றார். "அட்டையில ஏத்தும்போது ஒடிஞ்சி வுழுந்துச்சி. அதுவோடதுதான். அங்கியே எடுத்து அங்கியே வெச்சி ஒட்டிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா நடக்கும்னு தெரியும்."

எனக்கும் தெரியும். அதற்கு முந்தின வருஷம், வேறோர் ஊரிலிருந்து இரவலாக வாங்கிய பூச்சியின் கால் ஒன்று அவர் கையில் ஒடிந்தது. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அதோடு விடாமல், முதல்வருக்கு விளக்கக் கடிதம் எழுதித் தரும்படி செய்தேன். ஆங்கிலத்தில் எழுத வராததால், அதை மாணவன் ஒருவனை வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு காலுக்கு அவ்வளவு. இப்போது என் பேரினம் முழுக்க அட்டையில் ஒடிந்து கிடந்தது.

"பொய் சொல்றே" என்றேன். "அன்னைக்கு அதே தட்டுல எத்தனை பூச்சி இருந்துது? எதோட கொம்பை எடுத்து எதுல ஒட்டினியோ, யாருக்குத் தெரியும்? என் எட்டு மாச வேலையைக் குப்பையில போட்டுட்டே நீ."

பதினெட்டு வருஷத்தில் அவரை நான் நீ என்று சொன்னதில்லை. கோபத்தில் எவ்வளவு குதித்தாலும் நீங்கள்தான். மாணவிகளில் ஒருத்தி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் சுவர்ப்பக்கம் போய் மின்விசிறியை நிறுத்தினார். வெளியே போய்விட்டார். எரிச்சல்படுத்தவே நிறுத்தினார் என்று நினைத்து, சித்திரை வெயிலில் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒட்டில்லாமல் கிடந்த கொம்பு காற்றில் பறந்துவிடும். எனக்கு அது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியிருக்கிறது. கொம்பை எடுத்து ஒரு சிறு குழாயில் போட்டு மூடினேன். அப்போதும் என் கோபம் குறையவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. மாலையும் சால்வையும் இனிப்பும் காரமும் என்று வழியனுப்பு விழா நடந்தது. நான் போகவில்லை. விடைத்தாள் திருத்துகிறேன் என்று ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராக அவரைப் பற்றிப் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. மறுநாள் பார்த்தால், அவருடைய ஒற்றை மயிர்த் தூரிகை கழுவிக் காயவைத்து என் மேஜைமேல் இருந்தது.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்வதும் முழு உண்மையில்லை. பாதி நம்பினேன். ஆனால் எங்கள் தொழிலில் பாதி நம்பிக்கைக்கு இடமில்லை. ஒட்டப்பட்ட உறுப்பை வைத்துப் பேரினம் எழுத முடியாது. ஒட்டியவர் சத்தியம் செய்தாலும் முடியாது. முழு உணர்கொம்போடு இன்னொரு பூச்சி வேண்டும். கிடைத்தால் பேரினம் நிற்கும், அவர் சொன்னது உண்மையாகும். கிடைக்காவிட்டால் இரண்டும் இல்லை. பத்திரிகைக்கு அவகாசம் கேட்டு எழுதினேன். கொடுத்தார்கள்.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் கிளம்பினேன். செங்கல்பட்டிலிருந்து பஸ், மாமல்லபுரத்தில் இறங்கி ஆட்டோ. அந்த மணல்மேட்டைக் காணோம். ஏதோ விடுதிக்காக மதில் எழுப்பி, உள்ளே புல்தரை போட்டு, நாற்காலிகளும் குடைகளும் வைத்திருந்தார்கள். காவலாளி உள்ளே விடவில்லை. பூச்சி தேட வந்தேன் என்றதும், "உள்ள பூச்சியெல்லாம் கெடையாதும்மா, வாரா வாரம் மருந்து அடிக்கிறாங்க" என்று நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார்.

மதிலுக்குத் தெற்கே மேடு கொஞ்சம் மிச்சமிருந்தது. அங்கே தேடினேன். சனி ஞாயிறு தவறாமல் போனேன். இராவணன் மீசை கையைக் கிழித்தது. முழங்கால் வீங்கியது. மீன்பிடிக்கிற பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு, மோதிரம் தொலைந்துவிட்டதா என்று கேட்டுக் கூடவே தேடினார்கள். எறும்பு, மணல் வண்டு, எட்டுக்கால் பூச்சி எல்லாம் கிடைத்தன. அந்தப் பூச்சி கிடைக்கவில்லை. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. புல்லின் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எந்த ஈரம், ஒன்றும் தெரியாது. சேகரித்தவர் என்று சீட்டில் என் பெயர் இருந்தது, ஆனால் நான் அன்று நிழலில் நின்றுகொண்டிருந்தேன்.

பொங்கல் கழித்து அச்சரப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். வேடந்தாங்கல் போகிற பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு மதுராந்தகத்துக்கு முன்னாலேயே இறங்கினார்கள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் அமையவில்லை. அச்சரப்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, ஊருக்குள் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் தார்ப்பாயை விரித்து, விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள் அவரும் மனைவியும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க மேடம்" என்றார். அந்த அம்மா உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை.

"அந்தப் பூச்சி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியலை" என்றேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இதுதான்.

"செத்துப்போன புல்லண்ட பாக்கணும்" என்றார். "பச்சைப் புல்லுல இருக்காது. காஞ்ச வேர இழுத்தா, ஈர மணலு முடியற எடத்துல ஒட்டிக்கினு இருக்கும். வெயில் ஏறிச்சின்னா எறங்கிடும்."

பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா உள்ளே போய், அலமாரியிலிருந்து எதையோ எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். சிறு கண்ணாடிக் குப்பி. அதை என்னிடம் நீட்டினார்.

சாராயத்தில் மூன்று பூச்சிகள். மணல் நிறம். என் கண்ணுக்கே தெரிந்தது. மூன்றுக்கும் இரண்டு பக்கமும் கொம்புகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அகலம்.

"எப்ப பிடிச்சீங்க?"

"கார்த்திகையில. மூணு வாட்டி போனேன். மொத ரெண்டு வாட்டி ஒண்ணும் ஆப்புடல."

"இங்கருந்து பஸ் ஏறிப் போவாரும்மா" என்றார் அவர் மனைவி. "விடியக்காலம் போனா பொழுது சாயத்தான் வருவாரு. சோத்த கட்டிக்குடுத்தாலும் அப்பிடியே திருப்பி எடுத்துக்கினு வந்துடுவாரு. இன்னாத்துக்கு இந்தப் பாடுன்னு கேட்டா சொல்லமாட்டாரு."

"ஏன் எங்கிட்ட கொண்டுவந்து கொடுக்கலை?" என்று கேட்டேன். அப்போதும் என் குரலில் ஓர் அதட்டல் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர் மல்லாட்டைத் தோலைக் காலால் ஒதுக்கினார். "கூப்புடுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

நான் குப்பியைத் திருப்பினேன். உள்ளே, பூச்சிகளோடு, ஒரு சீட்டு மிதந்தது. சாராயத்தில் மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலில் எழுதியிருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கு, மணல்மேடு. தேதி. செத்த இராவணன் மீசை, வேர். எல்லாம் முறைப்படி இருந்தது. சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

"உங்க பேரை எழுதியிருக்கலாமே" என்றேன்.

"எப்பவும் இப்பிடித்தான மேடம் எழுதுவோம்" என்றார்.

அதில் குத்தல் இருந்ததா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. குத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அழுதுவிட்டேன். ஐம்பத்தாறு வயதில், அடுத்தவர் வாசலில், மல்லாட்டைத் தோலுக்கு நடுவில். அந்த அம்மா பதறிப்போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் சொன்னது உண்மை, நான் உங்களைப் பொய்யர் என்றேன், பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசினேன், தப்பு என்று சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேனா என்று தெரியாது.

"பொய்யின்னு சொன்னது கூட பரவாயில்ல மேடம்" என்றார். "தொழில்ல அப்பிடித்தான் சந்தேகப்படணும். நீ வான்னு பேசிட்டீங்க. அதான் மனசு ஆறல."

ஆறிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, சிற்றினத்துக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று கேட்டேன். எங்கள் தொழிலில் அது பெரிய மரியாதை. உலகம் இருக்கிற வரை அந்தப் பெயர் புத்தகத்தில் இருக்கும் என்று விளக்கினேன். மனைவி சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

"பூச்சிக்கு என் பேரு வாணாம் மேடம். புடிச்சவன் யாருன்னு அந்தச் சீட்டுல போடுங்க. அது போதும்."

மறுநாள் மூன்றையும் அட்டையில் ஏற்றினேன். அவருடைய ஒற்றை மயிர்த் தூரிகையால்தான். அரை நாள் ஆயிற்று. நுண்ணோக்கியில் வைத்தேன். இடதும் வலதும், மூன்றாம் கணு விரிந்தது, தட்டையானது, விளிம்பில் விறைத்த மயிர்கள். முதல் கணுவின் நுனியில் வளையம் எதுவும் இல்லை. பழைய கொம்பைக் குழாயிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மயிருக்கு மயிர் ஒத்திருந்தது. அது அதனுடையதுதான். அங்கேயே எடுத்து அங்கேயே வைத்திருக்கிறார். இரண்டு மில்லிமீட்டர் கொம்பை, வந்த கோணம் மாறாமல், பூச்சியின் உடம்பிலேயே முளைத்தது என்று நான் எட்டு மாதம் நம்பும்படி ஒட்டியிருக்கிறார்.

கட்டுரையில் அந்த வளையத்தைப் பற்றிய வாக்கியத்தை அடித்தேன். புதிய மூன்றில் ஓர் ஆண் பூச்சியை மூல மாதிரியாகத் தேர்ந்தெடுத்தேன். இந்தப் பேரினம் எது என்று இனி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வந்து பார்க்க வேண்டியது அந்த ஒரு பூச்சியைத்தான். குப்பியில் இருந்த பென்சில் சீட்டை உலர்த்தி அதன் ஊசியில் ஏற்றினேன். பிறகு ஒரு வெள்ளைச் சீட்டை வெட்டி, சேகரித்தவர் என்று எழுதி, அவர் பெயரை முழுசாக எழுதினேன், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. அதைப் பழையதற்குக் கீழே ஏற்றினேன். மற்ற பூச்சிகளுக்கும் அப்படியே. பிறகு அலமாரிகளைத் திறந்து பார்த்தேன். பதினெட்டு வருஷத்துப் பெட்டிகள், எல்லாவற்றிலும் என் பெயர். எது நான் பிடித்தது, எது அவர் பிடித்தது என்று நினைவிருக்கிறவற்றுக்கு மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பலவற்றுக்கு நினைவில்லை.

கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு படி எடுத்துக்கொண்டு மறுபடி அச்சரப்பாக்கம் போனேன். அவர் நாற்காலி போட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும், படித்தால் புரியாது. படங்களை மட்டும் பார்த்தார். உணர்கொம்பின் படத்தில் வெகுநேரம் நின்றார். அவர் பெயர் அச்சாகியிருந்த வரியை விரலால் காட்டினேன். எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு கேட்டார். "ஊசியிலயும் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"பழைய சீட்டு?"

"அதுவும் இருக்கு. உங்க கையெழுத்துல என் பேரு. அதுக்குக் கீழ என் கையெழுத்துல உங்க பேரு."

அவர் கட்டுரையை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். வேண்டாம், பழையதை எடுத்துவிடுங்கள் என்று சொல்வாரோ என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். சொன்னால் செய்திருக்க மாட்டேன், இருந்தாலும் எதிர்பார்த்தேன்.

"எடுக்கக் கூடாது மேடம்" என்றார். "அது இருக்கணும்."